டொப்ளர் அறிக்கையில் 22 என்றால் என்ன?

கேள்வி: வயது 46. ஒன்பது வருடமாகச் சீனி வருத்தம். விறைப்பு நிற்பதில்லை. ஆண்குறியில் ஊசி போட்டு, ஐந்தாவது நிமிடம் ஒரே ஒரு தடவை டொப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். உச்ச வேகம் 22, இறுதி வேகம் 7, 'நாளக் கசிவு' என்று அறிக்கை சொல்கிறது. இனி ஒப்பரேஷன்தானா?
- வாசகர், கல்முனை

பதில்: அந்த ஒரு தாளை நம்பி ஒப்பரேஷனுக்குப் போகவேண்டாம்.

22 என்பது இதயம் துடிக்கும்போது ஆண்குறியின் உள்நாடியில் இரத்தம் பாயும் உச்ச வேகம், செக்கனுக்கு இத்தனை செ.மீ. என்ற கணக்கு. 35க்கு மேல் நல்லது. 25க்குக் கீழே என்றால் இரத்த வரத்துக் குறைவு. 7 என்பது துடிப்பு முடியும்போது மிஞ்சும் வேகம். முழு விறைப்பில் உள்ளழுத்தம் ஏறி, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் நாளங்கள் நசுங்குவதால் அது 5க்குக் கீழே இறங்கவேண்டும். வரத்தே குறைந்தால் அழுத்தம் ஏறாது, நாளமும் அடைபடாது. வாய்க்காலில் தண்ணீர் வராத வயலில் வரம்பு உடைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உச்ச வேகம் நன்றாக இருந்தும் இறுதி வேகம் 5க்கு மேல் நின்றால்தான் நாளக் கசிவு என்ற பேச்சுக்கே இடமுண்டு.

அதைவிடப் பெரிய குறை, பார்த்த நேரம். விறைப்பை வரவழைக்கும் ஊசிமருந்தான அல்ப்ரொஸ்டடில் 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை போட்டபின், 5 நிமிடத்துக்கு ஒருதரம், 20–30 நிமிடம் வரை, இரண்டு பக்க நாடியையும் அடிப்பகுதியில் வைத்து அளக்கவேண்டும். நுனிப்பக்கம் போனால் வேகம் குறைத்துக் காட்டும். ஸ்கேனின் ஒலியலைக்கும் நாடிக்கும் இடையிலான கோணம் 60 பாகையைத் தாண்டினால் கணக்குப் பிழைக்கும். பயமும் கெடுக்கும்: ஆட்கள் வந்துபோகும் அறையில் கூசிக் கிடப்பவருக்கு அட்ரினலின் சுரந்து நாடி சுருங்கும், இல்லாத கசிவும் தெரியும். தனியறை வேண்டும்; விறைப்புப் போதாவிட்டால் மருந்தை இன்னொருமுறை கொடுத்துப் பார்ப்பார்கள். எந்த மருந்து, எவ்வளவு, விறைப்பு எந்த அளவுக்கு வந்தது என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கவேண்டும். உங்களுடையதில் இல்லையென்றால் திரும்பவும் ஸ்கேன் செய்யக் கேளுங்கள்.

சரியாகப் பார்த்தும் 22 தான் என்றால், முதலில் இதயத்தைப் பாருங்கள். ஆண்குறியின் நாடி இதய நாடியைவிட ஒடுக்கமானது. அடைப்பு இங்கேதான் முந்தித் தெரியும். உங்கள் சீனி கிளினிக் டொக்டரிடம் ஈசிஜி, கொலஸ்ட்ரோல், மூன்று மாதச் சீனி, காலையில் எடுக்கும் டெஸ்டொஸ்டெரோன் ஆகியவற்றைக் கேளுங்கள். வரத்துக் குறைந்த பலருக்கும் சில்டனாஃபில் குளிசை உதவும். ஆனால் நெஞ்சுநோவுக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவர் சில்டனாஃபிலைத் தொடவே கூடாது. பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கேள்வி: ஊசி போட்டபின் விறைப்பு இறங்காவிட்டால்?
- வாசகர், ஏறாவூர்

பதில்: இறங்கும்வரை ஸ்கேன் செய்த இடத்தைவிட்டுக் கிளம்பாதீர்கள். வீட்டுக்குப் போனபின் விறைப்பு திரும்ப வந்து 4 மணித்தியாலம் நின்றால், நடுச்சாமமானாலும் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுத்து, நாடியைச் சுருக்கும் மருந்து போடுவார்கள். வெட்கப்பட்டு விடியும்வரை இருந்தால் உள்தசை செத்து, விறைப்பு நிரந்தரமாகவே போய்விடலாம். அன்றைக்கு சில்டனாஃபில் வகைக் குளிசை எதுவும் போடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். குத்திய இடத்தை ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும்.