காற்றா, திரவமா? கணினிக் கூலர் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலியை (சிபியு) கணினி விளையாட்டுகளுக்காகவே வாங்குகிறேன். திரவக் கூலர் கட்டாயம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: கட்டாயமில்லை. அந்தச் செயலிக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி குறித்திருக்கும் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்ப அளவு) 120 வாட் என்றாலும், விளையாடும்போது அது பெரும்பாலும் 100 வாட்டுக்குக் கீழேதான் இழுக்கிறது. 120 மி.மீ. ஃபேன் ஒன்று பொருத்திய நல்ல ஒற்றைக் கோபுரக் காற்றுக் கூலரே (தகடுகள் ஒரே அடுக்காக நிற்பது) அதற்குத் தாராளம். செயலி எத்தனை வாட்டை, எவ்வளவு நேரம் தொடர்ந்து இழுக்கப்போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தோற்றம், வண்ண விளக்கு எல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: திரவக் கூலர் செயலியை அறை வெப்பத்துக்கும் கீழே கொண்டுபோகுமா?

பதில்: போகாது. இரண்டு வகையிலும் வெப்பம் கடைசியில் அறைக் காற்றில்தான் கலக்கிறது. காற்றுக் கூலரில் வெப்பத்தைக் கடத்தும் குழாயான ஹீட் பைப்புக்குள்ளும் சிறிதளவு திரவம் உண்டு. அது அடியில் ஆவியாகி, தகடுகளுக்கு நடுவே குளிர்ந்து, மறுபடி அடிக்குத் திரும்புகிறது. திரவக் கூலரில் இந்த வேலையைப் பம்ப் செய்வதால், வெப்பத்தை வெளியேற்றும் பரப்பைச் செயலியின் தலைமேல் அடுக்காமல், கேபினட்டின் விளிம்பில் அகலமாக விரித்து வைக்க முடிகிறது. அதோடு, திரவம் சூடேறச் சற்று நேரம் பிடிப்பதால், தொடக்கத்தில் தெரியும் குறைந்த வெப்பநிலையை நம்பி முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்ட பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: கோர் ஐ9-14900கே வைத்திருக்கிறேன். காணொளி ரெண்டரிங் மணிக்கணக்கில் ஓடும்.

பதில்: உங்களுக்கு நான் தயங்காமல் திரவத்தைத்தான் சொல்வேன், அதுவும் மூன்று 120 மி.மீ. ஃபேன்கள் கொண்ட 360 மி.மீ. ரேடியேட்டரை (திரவத்தின் வெப்பத்தை வெளியேற்றும் பகுதி). இன்டெல் அந்தச் செயலிக்குக் குறித்துள்ள அதிகபட்ச டர்போ மின்அளவு 253 வாட். சில மதர்போர்டுகள் அந்த வரம்பையும் தளர்த்தி வைத்திருக்கும் என்பதால், கூலர் வாங்குவதற்கு முன்பே பயாஸில் (மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் திரை) அதைச் சரிபாருங்கள். வரம்பைச் சற்றுக் குறைத்தால் வேகம் கொஞ்சமே குறையும், வெப்பமோ கணிசமாக இறங்கும்.

கேள்வி: என் திரவக் கூலரில் சலசலவென்று சத்தம் கேட்கிறது, வெப்பநிலையும் முன்பைவிட ஏறியிருக்கிறது. ரேடியேட்டரை முன்பக்கத்தில் கீழே பொருத்தியிருக்கிறேன்.

பதில்: அந்த அமைப்பில் செயலியின் மேலுள்ள பம்ப்தான் சுற்றிலேயே உயரமான இடமாகிவிடுகிறது. உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும். அது மேலே ஏறிப் பம்புக்குள் தங்குவதால்தான் இந்தச் சத்தம், அப்படியே விட்டால் பம்பின் ஆயுளும் குறையும். ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரைக்கு மாற்றுங்கள். இடமில்லையென்றால் முன்பக்கத்திலேயே, அதன் மேல்விளிம்பு பம்பைவிட உயரமாக இருக்கும்படி பொருத்தினாலும் போதும். மாற்றிய பிறகும் வெப்பம் குறையவில்லையென்றால் பம்பின் சுழற்சி வேகத்தைப் பாருங்கள். அதை ஃபேன்போல ஏற்றி இறக்காமல், சீரான வேகத்தில் ஓடும்படி அமைப்பது நல்லது.

கேள்வி: திரவம் கசிந்து மற்ற பாகங்களைக் கெடுத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மூடிய அமைப்பில் கசிவு அரிது. பம்ப் நின்றுபோவதும், ஆண்டுகள் போகப் போகத் திரவம் குழாய்ச்சுவர் வழியே மெல்ல ஆவியாகிக் குறைவதும்தான் வழக்கமாக நடப்பவை. காற்றுக் கூலரில் கெடக்கூடியது ஃபேன் மட்டுமே, அதையும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். பல ஆண்டுகள் திறந்தே பார்க்காமல் ஓட வேண்டிய கணினிக்கு நான் காற்றையே பரிந்துரைப்பது இதனால்தான்.

கேள்வி: பெரிய காற்றுக் கூலர் என் கேபினட்டில் அடங்குமா?

பதில்: கேபினட்டின் விவரக்குறிப்பில் கூலர் உயரத்துக்கான எல்லை இருக்கும். நாக்டுவா என்எச்-டி15 போன்ற இரட்டைக் கோபுரத்தின் உயரம் 165 மி.மீ.; உயரமான ரேம் இருந்தால் முன்ஃபேனை இன்னும் மேலே தூக்கி மாட்ட வேண்டியிருக்கும், அதையும் சேர்த்தே அளந்துகொள்ளுங்கள்.