பிப்ரவரியில் கிளம்பும் தோழிகளை எப்படி வழியனுப்புவது?

தங்கச்சி, அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகருக்கு முதுகலை படிக்க வந்திருக்கிறாய். கூடப் பழகும் பெண்கள் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரே செமஸ்டருக்கு வந்தவர்கள், பிப்ரவரியில் ஊர் திரும்புகிறார்கள். எப்படி வழியனுப்புவது, என்ன பரிசு கொடுப்பது, பகுதிநேர வேலை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய். நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் வேலை செய்ய வருடத்துக்கு 140 முழு நாள் என்று கணக்கு உண்டு, அதை மீறாதே. பரிசு பெட்டியில் கனக்காமல் இருந்தால் போதும். வழியனுப்புவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் வந்தது 2012 அக்டோபரில். விடுதியில் இரண்டு அறை தள்ளி துருக்கியின் இஸ்மீரிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். எனக்கு அப்போது ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. முகவரிப் பதிவுப் படிவத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பித் தந்தவள் அவள்தான். நவம்பரில் காய்ச்சல் வந்தபோது மூன்று நாளும் பருப்பு சூப் வைத்துக் கொடுத்தாள்.

பிப்ரவரியில் அவள் கிளம்பிய அன்று காலை 9 மணிக்கு எனக்குத் தேர்வு. முந்தின இரவு சமையலறையில் இருபது பேர் கூடி விருந்து வைத்தோம், எல்லோரையும் போல நானும் கட்டிப்பிடித்தேன். அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு நடைவழியில் பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. குறிப்பேட்டை மூடவில்லை, எழுந்தும் போகவில்லை. அதற்கப்புறம் அவளை நேரில் பார்க்கவே இல்லை.

இங்கே பிப்ரவரி தொடக்கத்தில் வகுப்புகள் முடிந்ததும் தேர்வுகள் வந்துவிடும். அவர்கள் கிளம்புவதும் அதே வாரங்களில்தான். அதனால் டிக்கெட் தேதியை இப்போதே கேட்டு வை. விருந்தையே வழியனுப்புதலாக எடுத்துக்கொள்ளாதே, ஒவ்வொருத்தியோடும் தனியாக ஒரு பகல் போ. எல்லைக்கு அந்தப் பக்கம் நெதர்லாந்தில் இருக்கும் வால்ஸ் வரை பேருந்து, அங்கிருந்து மூன்று நாட்டு எல்லை சேரும் குன்றுக்கு நடை. உயரம் 322 மீட்டர்தான். 2013 ஜூலையில் ஸ்பெயினின் வலென்சியாவிலிருந்து வந்த தோழி கிளம்பும் முன் அவளோடு அங்கே போனேன். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரை பேசினோம். மறுநாள் ரயில் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டேன்.

பண விஷயத்திலும் கவனம் தேவை. போகிறவளின் இணைய இணைப்பைப் பாசத்தில் உன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாதே. நான் மாற்றிக்கொண்டு 14 மாதம் கட்டினேன். நாட்டை விட்டுப் போகிறவர்கள் நகராட்சியில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செய்யலாம், கூடப் போய் முடித்துக் கொடு. பகிர்ந்த வீடு என்றால் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான். அவள் பெயரில் இருந்தால் இனி யார் பெயரில் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

"ஆறு மாசத்துல போறவங்களோட என்ன பழக்கம்" என்று நம் ஆட்களே சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், இன்றும் அதைக் கேட்டால் கோபம் வருகிறது. அப்படிச் சொன்ன சிலர் இரண்டு வருடம் தங்களுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு, ஜெர்மன் பேசாமலே படிப்பை முடித்தார்கள். நான் பேசக் கற்றது விடுதிச் சமையலறையில்தான், இந்தப் பெண்களோடு தப்பும் தவறுமாகப் பேசிப் பேசி.

மார்ச் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். காலியான அறையைத் தாண்டித்தான் தினமும் குளிக்கப் போக வேண்டும். ஏப்ரலில் அங்கே வேறொருத்தி வருவாள். அவளுக்கும் படிவம் புரியாது, நீயே போய்க் கதவைத் தட்டு.

வலென்சியாக்காரி பயேயா என்ற ஸ்பானியச் சோறு சமைக்கும் தன் அகன்ற சட்டியை என்னிடம் விட்டுப் போனாள். இரண்டு பக்கமும் பிடி வைத்தது, புளியோதரை கிளறுவதற்கென்றே செய்தது போல இருக்கும். 2019-ல் அவள் கல்யாணத்துக்குப் போனேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, சட்டி பத்திரமாக இருக்கிறதா என்றுதான்.