அடையாளக் குழாயுடன் சுறா சிக்கினால் என்ன செய்வது?

கேள்வி: தூண்டிலில் சிக்கிய சுறா ஒன்றின் முதுகில் சிறு பிளாஸ்டிக் குழாய் செருகியிருந்தது. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு மீனை விட்டுவிட்டேன். குழாயைக் கழற்றி எடுத்திருக்க வேண்டுமா?

பதில்: அது சுறாவின் பயணத்தையும் வளர்ச்சியையும் அறிய ஆய்வாளர்கள் எண்ணிட்டுச் செருகும் அடையாளம்; சிலவற்றில் குழாய், சிலவற்றில் பட்டை இருக்கும். அதில் வேறு குறிப்பு இல்லையென்றால், உயிரோடு விடும் மீனிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள். உள்ளே கொக்கிமுனை தசையில் பதிந்திருக்கும். இழுத்தால் சதை கிழியும். பாசி மூடியிருந்தால் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படியுங்கள். கத்தி வேண்டாம், எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

ஆனால் எண் மட்டும் போதாது. குறியிட்ட நாளும் இடமும் நீளமும் ஆய்வாளரிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மறுபாதி உங்களிடம்தான்: பிடித்த நாள், இடம், நீளம், ஆணா பெண்ணா என்பது. இரு நீளங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்துதான் மீன் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மூக்கு நுனியிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் கவை வரை நேர்க்கோட்டில் அளவிடுங்கள். உடலின் வளைவோடு நாடாவை ஓட்டினால் நீளம் கூடிவிடும். அடிவயிற்றுத் துடுப்புகளை ஒட்டி விரல் போன்ற இரண்டு உறுப்புகள் இருந்தால் ஆண்.

முடிந்தால் முதுகுத் துடுப்பைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். அதன் பின்விளிம்பிலுள்ள வெட்டுகள் மீனுக்கு மீன் மாறுபடும். 2003-இல் தென்னாப்பிரிக்காவில் குறியிடப்பட்ட 'நிக்கோல்' என்ற பெரு வெள்ளைச் சுறா 99 நாட்களில் ஆஸ்திரேலியக் கரையை எட்டியதைச் செயற்கைக்கோள் கருவி சொன்னது. கருவி அங்கேயே கழன்றுவிட்டது. மறு ஆண்டு அதே சுறா தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பியதைக் காட்டியது துடுப்பின் படம்தான்.

அத்தகைய கருவி ஒன்று கரை ஒதுங்கிக் கிடைத்தால் குப்பை என்று எறியாதீர்கள். ஆழம், வெப்பநிலை, ஒளி ஆகியவற்றைப் பதிவுசெய்துகொண்டே வந்து, குறித்த நாளில் கழன்று மிதக்கும் கருவி அது. செயற்கைக்கோளுக்கு அனுப்பியது பெரும்பாலும் சுருக்கம்தான்; முழுப் பதிவும் அதன் நினைவகத்தில் இருக்கும். மேலே அச்சிட்டுள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்புங்கள், பல திட்டங்கள் சன்மானமும் தருகின்றன.

உங்களிடமுள்ள எண்ணை இப்போதும் அனுப்பலாம். நாளும் இடமும் நினைவிருந்தால் சேர்த்து எழுதுங்கள். நீளத்தை அளக்கவில்லையென்றால் 'கண்மதிப்பு' என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். நழுவிப்போன மீன் எல்லோர் நினைவிலும் ஓரடி வளர்ந்துவிடுகிறது.