எத்தனாவது படிக்கிற? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

உங்கள் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைத்ததைப் பற்றி நீங்கள் அங்கங்கே எழுதியதை வாசித்திருக்கிறேன். என் மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. காலை ஏழரைக்கு வேன் ஹாரன் கேட்டாலே வாந்தி எடுக்கிறான். டாக்டரிடம் காட்டினோம், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். பள்ளியில் கேட்டால் “சில பிள்ளைங்க அப்படித்தான்” என்கிறார்கள். வரும் ஜூனிலிருந்து வீட்டிலேயே சொல்லித்தரலாமா என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு நிறுவனம் வருடத்துக்கு 38,000 ரூபாய்க்குப் பாடப் பெட்டி தருகிறது. அட்டை, பயிற்சித்தாள், மரப்பொருள் எல்லாம் மாதாமாதம் வருமாம். வாங்கலாமா? பின்னால் பள்ளியில் சேர்க்க நினைத்தால் எடுத்துக்கொள்வார்களா? மாமியார் வீட்டில் இதைக் கேட்டதிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. “பையனுக்குக் கூட்டாளி வேண்டாமா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம்தான் அக்கா.

பெயர் போட வேண்டாம்.
திருமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

பெட்டியை வாங்க வேண்டாம். மற்றதைப் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு ‘இன்று இரவு 12 மணி வரை தள்ளுபடி’ என்று ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்.

2017 ஜூனில் நானும் வாங்கினேன். பெட்டியாக இல்லை, சில்லறையாக. மகள் அப்போது இரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோமே என்கிற உறுத்தலைக் கடைகடையாக ஏறித் தீர்த்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பெரிய வெள்ளைப் பலகை, நாலு நிற மார்க்கர், உலக உருண்டை, லேமினேட் செய்த சூரியக் குடும்பம், மனித உடல், பழங்கள், பறவைகள். கூடத்தை வகுப்பறையாக்கி, காலை 9 மணிக்கு அவளை உட்காரவைத்துவிட்டு நான் பலகைக்கு முன்னால் நின்றேன். மூன்றாம் நாள் அவள் கேட்டாள், “நீ எப்பம்மா அம்மாவா வருவ?” அந்தப் பலகை இப்போது மொட்டைமாடியில் கிடக்கிறது. வடகம் காயவைக்கத் தோது.

அந்த வருடம் நோட்டு வாங்கப் போன கதையையும் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் மதுரையில் நோட்டுப் புத்தகம் என்றால் புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம்; தூணுக்குத் தூண் சிலை, சிலைக்கு முட்டுக்கொடுத்தாற்போல் கைடுகளும் நோட்டுகளும் அடுக்கியிருக்கும். (அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு அது நல்லதுதான். எனக்குத்தான் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து தைத்த தையல்காரர்களின் மெஷின் சத்தம் இல்லாமல் நோட்டு வாங்குவது என்னவோபோல் இருக்கிறது.) கடைக்காரர் நிமிர்ந்தே பார்க்காமல், “எந்த ஸ்கூலும்மா, எத்தனாவது?” என்றார். ஜூன் மாதத்தில் அங்கே வியாபாரமே அப்படித்தான். பள்ளி பெயரைச் சொன்னால் கட்டு வந்துவிடும். “ஸ்கூல் இல்லண்ணே, வீட்டுல படிக்கிறா” என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். மகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “பாப்பாவுக்கு ஏதும் முடியலையா?” என்று கேட்டார்.

சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நான் கேட்ட ஒரு டஜன் நாலு கோடு நோட்டில் பத்தைத் திருப்பி வைத்தவரும் அவர்தான். “மூணாப்புக்கு ரெண்டு கோடு போதும்மா. கணக்குக்குக் கட்டம் போட்டது எடுத்துக்கங்க, எண் தப்பாம நிக்கும்.” நாற்பது ஜூன் மாதங்கள் பார்த்தவர் சொன்னது நான் வீடியோக்களில் பார்த்ததைவிடச் சரியாக இருந்தது. கட்டம் போட்ட நோட்டில் கழித்தல் எழுதிய பிறகுதான் மகளுக்குப் பத்தாம் இடமும் ஒன்றாம் இடமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நின்றன.

பாடப்புத்தகம் உங்களுக்குச் செலவே இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்கள் எல்லாமே இணையத்தில் இலவசம். அதைப் பார்த்தவுடன் மொத்தமாக அச்செடுக்கக் கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பினேன். ஜெராக்ஸ் கடையில் கொடுத்த காசுக்கு அச்சிட்ட புத்தகத்தையே இரண்டு தடவை வாங்கியிருக்கலாம்.

உங்கள் மகன் வயதுக்கு நான் வாங்கச் சொல்வது ஒரு தீப்பெட்டிக் கட்டும் கொஞ்சம் வால்டியூபும் (சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர் குழாய்). விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அரவிந்த் குப்தா என்று ஒருவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர், குப்பையில் போகும் பொருளிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தருவதையே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய செய்முறைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒன்று இது. சைக்கிள் வால்டியூபை விரல்கடை அளவு துண்டுகளாக நறுக்கி, மருந்து சுரண்டிய தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் செருக வேண்டும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து அழுத்திப் பார்த்தால் அசையாது. நாலு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் சாய்ந்து படுத்துவிடும். மூலைக்கு மூலை குறுக்கே கொஞ்சம் நீளமான ஒரு குச்சி கொடுத்தால் சதுரம் நிமிர்ந்து நின்றுகொள்ளும். என் மகன் இதைச் செய்து முடித்த வாரம், பெரியார் பேருந்து நிலையம் போகும் வழியெல்லாம் தகரக் கொட்டகைகளின் கூரையையும் விளம்பரப் பலகைகளின் சட்டத்தையும் காட்டி “முக்கோணம், முக்கோணம்” என்று கத்திக்கொண்டே வந்தான்.

ஒரே ஒரு கஷ்டம், வால்டியூப் கிடைப்பது. கியர் சைக்கிள்களின் வால்வுக்கு அது தேவையில்லை, அதனால் பல கடைகளில் வைப்பதில்லை. எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் ஒரு டப்பாவிலிருந்து இரண்டு முழம் எடுத்து, காசு வாங்காமல் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா விடவில்லை. “தம்பி எத்தனாவது?” வீட்டில்தான் படிக்கிறான் என்றதும், “அப்ப பகல்ல இங்க அனுப்புங்க, பஞ்சர் ஒட்டப் பழக்குறேன்” என்றார். அனுப்பினேன். காற்றழுத்தத்தைப் பற்றி நான் நடத்த வேண்டியிருந்த பாடத்தை அவர் ஒரு தண்ணீர்ச் சட்டியும் ஒரு டியூபும் வைத்து முடித்துவிட்டார்.

அடுத்தது கிளை நூலகம். நகராட்சிக்கு நீங்கள் கட்டும் சொத்துவரியோடு நூலக வரி என்று பத்து விழுக்காடு சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், மாநகராட்சியிலும் அதேதான். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட ஊர் நம்முடையது. கட்டிய காசுக்குப் போய் உட்காருங்கள். மதுரைக்கு வர முடிகிற நாளில் புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். வார நாளில் பகல் 11 மணிக்கு அந்தப் பிரிவே உங்கள் மகனுக்கு என்று இருக்கும். அது வரமா என்றால், முழுக்க வரமில்லை. அங்கே வேறு ஒரு பிள்ளையும் இருக்காது என்பதும் அதில் அடக்கம்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். இதில் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டும். 2009-ல் வந்து 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் ஒன்றும் சொல்லவில்லை. 2012-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், பெற்றோர் விரும்பி வீட்டுக்கல்வியைத் தேர்ந்தால் இந்தச் சட்டம் குறுக்கே வராது என்று மத்திய அரசு மனு போட்டது. அதற்காக இதைத் தனி உரிமையாக எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. அந்த இடைவெளியில்தான் நாங்களெல்லாம் குடியிருக்கிறோம்.

திரும்பிப் போவதற்கு வழி உண்டு. அதே சட்டத்தின் 4-வது பிரிவு, பள்ளியில் சேராமல் இருந்த பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. மகள் 2022-ல் பள்ளிக்குப் போகிறேன் என்றாள். எட்டாம் வகுப்பு வயது. முதலில் போன தனியார் பள்ளியில், நடுவில் ஐந்து வருடத்துக்கு மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். நுழைவுத் தேர்வு வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் வேண்டுமானால் சேர்க்கிறோம் என்றார்கள். அடுத்த நாள் எங்கள் பகுதி அரசுப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் பிறப்புச் சான்றிதழையும் பழைய டி.சி.யையும் பார்த்தார், மகளிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார், எமிஸ் எண் (ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித்துறை தரும் அடையாள எண்) இருக்கிறதா என்று கேட்டார், அரை மணி நேரத்தில் எட்டாம் வகுப்பில் உட்காரவைத்துவிட்டார். ஆகவே, நிறுத்துவதென்றால் சண்டை போட்டு நிறுத்தாதீர்கள். டி.சி.யை முறையாக வாங்குங்கள், எமிஸ் எண்ணைக் குறித்துவையுங்கள். இந்தச் சட்டம் கைகொடுப்பது எட்டாம் வகுப்பு வரை, அதாவது 14 வயது வரைதான் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்குமேல் என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது; 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து வருடத்தில் ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதி முடிக்கலாம்.

2019-ல் ஒருநாள் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒரு ஆசிரியர் பயிற்றுநர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் நிதானமாகப் பாயில் உட்கார்ந்து, மகளை நாளிதழ் வாசிக்கச் சொல்லிக் கேட்டார், மகனோடு பல்லாங்குழி ஆடித் தோற்றார், முறுக்கு சாப்பிட்டார். படிவத்தில் எங்கள் காரணத்தை எழுத இடமில்லாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டார். முந்தின நாள் ஒரு செங்கல் சூளையில் இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். “இங்க வந்தது எனக்கு வீண்வேலைதான். ஆனா தட்டாமப் போகக் கூடாதில்லையா?” என்றார். பக்கத்து வீட்டார்மேல் இருந்த கோபம் எனக்கு அன்றோடு போயிற்று. அந்தக் கதவு தட்டப்படத்தான் வேண்டும்.

உங்கள் மாமியார் வீட்டைப் பற்றி. என் மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நாங்கள் முடிவைச் சொன்ன அன்று, “1953-ல ராஜாஜி என்ன சொன்னாரு? பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுல அப்பன் தொழிலப் பழகுன்னாரு. அந்தக் குலக்கல்விய ஊரே சேர்ந்து அடுத்த வருசமே விரட்டுச்சு. நீங்க முழு நேரமும் வீட்டுலயேங்கறீங்க” என்றார். நாங்கள் சொல்வது வேறு என்று விளக்கினோம். அவர் கேட்கவில்லை. 1956-ல் மதிய உணவு வந்தபோது அவருக்கு எட்டு வயது. அந்தச் சோற்றுக்காகத்தான் அவரை அனுப்பினார்கள். 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் இதே மதுரையில் தொடங்கியபோது, நாளிதழை மடித்து, அந்தச் செய்தி மேலே தெரிகிற மாதிரி என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

அவர் சொன்னதில் பாதிக்கு எனக்கு இன்னமும் பதில் இல்லை. வீட்டில் வைத்துப் படிக்கவைக்க என்னால் முடிந்தது, ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓடியதால். எங்களைப் போலவே இன்னும் ஆறு குடும்பங்களை வாட்ஸாப்பில் தேடிப் பிடித்துக் குழு அமைத்தோம். கீழடிக்குப் போனோம், சமணர் மலை ஏறினோம். ஆறு வீட்டிலும் ஒரே மாதிரிப் புத்தக அலமாரி, ஒரே மாதிரிச் சிறுதானியத் தின்பண்டம். தடுப்பூசி போடலாமா கூடாதா என்ற சண்டையில் குழு கலைந்தது. போகட்டும். மகள் அரசுப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தில் கண்ட மனிதர்களை அந்தக் குழுவில் பத்து வருடம் இருந்தாலும் கண்டிருக்க மாட்டாள்.

கூட்டாளிகளைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் மாலை நாலரைதான் கடிகாரம். தெருப்பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரம். அதற்கு முன்னால் மகன் மூன்று தடவை வாசலை எட்டிப் பார்ப்பான். அவர்கள் சீருடையில் பஸ்ஸில் இலவசமாக வருகிறார்கள், எனக்கு மட்டும் ஏன் டிக்கெட் என்று ஒருநாள் சண்டை போட்டான். தேர்வு மாதங்களில் அவர்கள் விளையாட வருவதில்லை. அந்த மார்ச், ஏப்ரல் மாலைகளில் அவன் தனியாகச் சுவரில் பந்து அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் இட்லிக்கு மாவு ஆட்டியிருக்கிறேன். இதை மறைத்து உங்களுக்கு எழுதினால் அது பொய்.

ஆகையால் உங்களுக்கு நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிள்ளை வாந்தி எடுப்பது வேனுக்கா, ஒரு வகுப்புக்கா, ஓர் ஆளுக்கா என்று முதலில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஓர் ஆள் என்றால் உடனே நிறுத்துங்கள், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். வேன்தான் என்றால், நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வீடுதான் என்று தோன்றினால், ஏப்ரல், மே இரண்டு மாதமும் பாடத்தைத் தொடாமல் தெருவில் ஆள் தேடுங்கள்: ஒரு சைக்கிள் கடை, ஒரு தையல்காரர், நாலரைக்கு வருகிற நாலு பிள்ளைகள். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆரம்பிக்காதீர்கள்.

திருமங்கலத்திலிருந்து இங்கே முக்கால் மணி நேரம்தானே, மகனைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாருங்கள். சைக்கிள் கடை அண்ணனிடம் ஒரு முழம் வாங்கி வைக்கிறேன். நாலரைக்கு மேல் இருக்கிற மாதிரி வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், கிளை நூலகம் விடுமுறை.

அன்புடன்,
அக்கா