டெட்ராய்ட் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். லயன்ஸ், பிஸ்டன்ஸ் அணிகளை ஆதரிக்கலாமா, இல்லை வேறு நல்ல அணியாகப் பார்க்கலாமா?

ஆதரியுங்கள். இரண்டையுமே. கால்பந்துக்கு லயன்ஸ், கூடைப்பந்துக்குப் பிஸ்டன்ஸ்.

கேள்வியின் விளக்கத்தில், "இரண்டுமே தோற்கிற அணிகள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், பேசாமல் கோல்டன் ஸ்டேட், கன்சாஸ் சிட்டி மாதிரி ஜெயிக்கிற அணியைப் பிடித்துக்கொள்ளலாமா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் வேலை விசாவில் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நோவி, ட்ராய், கேன்டன், ஏதோ ஒன்றில் வாடகை வீடு. திங்கட்கிழமை காலை எல்லோரும் முந்தைய நாள் ஆட்டத்தைப் பேசும்போது நீங்கள் மட்டும் காப்பிக் கோப்பையோடு சும்மா நிற்கவேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடம் எனக்குத் தெரியும். அதற்கு ஒரு அணி வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை.

இங்கே நான் கால்பந்து என்று சொல்வது அமெரிக்கக் கால்பந்து. ஒரு பெண் எழுதுகிறாளே, கணவர் சொல்லிக்கொடுத்ததை எழுதுகிறாள் போல என்று யாரும் நினைக்கவேண்டாம். அவருக்கு இன்றைக்கும் கிரிக்கெட் மட்டும்தான். எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அம்மா.

2008 செப்டம்பரில் திருச்சியிலிருந்து வந்து சவுத்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இறங்கினேன். கணவரைச் சார்ந்த விசா. வேலை செய்ய அனுமதி கிடையாது. எங்களில் ஒரு பகுதியினருக்காவது அது கிடைத்தது 2015இல்தான். கார் ஓட்டத் தெரியாது. கணவருக்குக் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. பெரிய கார் கம்பெனித் தலைவர்களே வாஷிங்டனுக்குப் போய் அரசிடம் கடன் கேட்டு நின்ற சமயம் அது. வெள்ளிக்கிழமை ஆனால் யார் யார் மேசையைக் காலி செய்தார்கள் என்ற செய்தியோடுதான் அவர் வீட்டுக்கு வருவார். நான் நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டில் அறுபது வயது தாண்டிய ஒரு கறுப்பின அம்மா தனியாக இருந்தார். கார் ஆலையில் முப்பது வருடம் அசெம்ப்ளி வரிசையில் நின்று ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி துவைக்கிற அறையில் என்னைப் பார்த்துவிட்டு, "தனியா உக்காந்து என்ன பண்றே, ஒரு மணிக்கு ஆட்டம் இருக்கு, வா" என்றார். போனேன்.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் புரியவில்லை. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறவேண்டும், முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு, அவ்வளவுதான் என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். அப்புறம் பார்த்தால் எனக்கு அது சடுகுடு மாதிரி தெரிய ஆரம்பித்தது. கோட்டைத் தொட ஒருத்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்வதும், நாலு பேர் அவனை அமுக்குவதும். அதற்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டியிருக்கவில்லை.

நான் ஆட்டம் பழகிய அந்த வருடம்தான் லயன்ஸ் பதினாறு ஆட்டத்தில் பதினாறும் தோற்றது. என்.எஃப்.எல். என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கில் அதற்கு முன்னால் எந்த அணிக்கும் 0-16 என்று ஒரு வருடம் அமைந்ததில்லை. மின்னசோட்டாவில் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர்) டான் ஒர்லோவ்ஸ்கி எதிராளிகளிடமிருந்து தப்பிப் பின்னால் ஓடி, தன் பக்கத்து எல்லையின் கடைசிக் கோட்டையே மிதித்துத் தாண்டிவிட்டார். தாண்டியதுகூடத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கு எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 12-10 என்று முடிந்தது. அந்த இரண்டு புள்ளிதான் வித்தியாசம். நன்றி நவிலல் நாளன்று (தேங்க்ஸ்கிவிங்) டென்னசியிடம் 47-10. அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாவின் சாப்பாட்டு மேசைக்கு நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "அடுத்த வாரம் ஒரு மணிக்கு வந்துடு." டிசம்பர் 28, கிரீன் பேயில் கடைசி ஆட்டமும் போனது. "செப்டம்பர்ல வந்துடு" என்றார்.

தோற்கிற அணி என்று உங்கள் அலுவலகத்தில் சொல்கிறார்களே, அந்தத் தோல்விகளின் நடுவில்தான் எனக்கு இந்த ஊரில் முதல் ஆள் கிடைத்தார். கன்சாஸ் சிட்டியின் கோப்பை எனக்கு அதைத் தந்திருக்காது.

பிஸ்டன்ஸ் பற்றி. அதைத் தோற்கிற அணி என்று சொல்கிறவர்களுக்குக் கூடைப்பந்து தெரியாது என்பேன், கோபித்துக்கொண்டாலும் சரி. 1989, 1990, 2004, மூன்று கோப்பைகள். 2004 அணியைப் பற்றி மட்டும் தனியாக எழுதலாம். பில்லப்ஸ், ஹாமில்டன், பிரின்ஸ், ரஷீத் வாலஸ், பென் வாலஸ். எதிரில் ஷக்கீல் ஓநீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் இருந்த லேக்கர்ஸ். 4-1 என்று முடித்தார்கள். பென் வாலஸை எந்த அணியும் டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுக்கவே இல்லை. கிராண்ட் ஹில் 2000இல் ஒர்லாண்டோவுக்குப் போனபோது அந்தப் பரிமாற்றத்தில் இங்கே வந்தவர். எல்லோரும் ஹில் போய்விட்டாரே என்று அழுதார்களாம். அந்த அணிக்கு ஒரு கோப்பைதானே என்று சொல்வீர்கள். 2003 முதல் 2008 வரை ஆறு வருடம் தொடர்ந்து கிழக்கு மண்டல இறுதிச் சுற்றில் ஆடிய அணி அது. ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பாமல் ஐந்து பேர் சேர்ந்து எதிராளியின் மூச்சை நிறுத்தும் அந்த ஆட்டத்தைவிட அழகான கூடைப்பந்தை நான் பார்த்ததில்லை. பழைய ஒளிப்பதிவுகளில்தான் பார்த்தேன் என்பது உண்மை. நான் வந்த இரண்டாவது மாதமே பில்லப்ஸைக் கொடுத்து ஆலன் ஐவர்சனை வாங்கினார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான், அவர் சொல்லிச் சொல்லியே.

இனி 2023 டிசம்பர். பிஸ்டன்ஸ் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. டிசம்பர் 26, புரூக்ளினோடு ஆட்டம், கிறிஸ்துமஸ் விடுமுறை. பிஸ்டன்ஸின் நட்சத்திரம் கேட் கன்னிங்ஹாம் என்றால் என் மகளுக்கு உயிர். அவளைக் கூட்டிக்கொண்டு போக டிக்கெட் எடுத்திருந்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அன்றைக்குக் கிளம்பும் முன்னால், மகளின் நடன வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆட்டத்துக்குப் போகிறோம் என்று போட்டேன். "இருட்டினப்புறம் டெட்ராய்ட்டுக்குள்ளயா? பொம்பளப் பிள்ளையக் கூட்டிக்கிட்டா?" என்று ஒருவர். "எயிட் மைல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நாங்க போறதே இல்லைப்பா" என்று, நகரத்தின் வடக்கு எல்லைச் சாலையைச் சொல்லி, இன்னொருவர், பதினைந்து வருடமாக இங்கே இருப்பவர். இந்தப் பேச்சை என்னால் தாங்க முடிவதில்லை. டெட்ராய்ட் விமான நிலையத்தில் இறங்குகிறோம். டெட்ராய்ட் கார்த்தொழில் கொடுத்த சம்பளத்தில் புறநகரில் வீடு வாங்குகிறோம். சொந்த ஊரில் கேட்டால் டெட்ராய்ட்டில் இருக்கிறோம் என்கிறோம். ஆனால் அந்த ஊருக்குள் கால் வைக்கப் பயம். அங்கே ஆறு லட்சத்துக்கும் மேல் மனிதர்கள் தினமும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்குப் போய் வந்து வாழ்கிறார்கள். எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அம்மா பிறந்து வளர்ந்த ஊர். 2013இல் நகரம் திவாலானது, காலி வீடுகள் இருந்தன, குற்றம் இருந்தது, நான் மறுக்கவில்லை. எங்கே எந்த நேரத்தில் போகிறோம் என்று எந்தப் பெருநகரத்திலும் பார்த்துத்தான் போகவேண்டும். ஆனால் பார்க்காமலே பயப்படுவதும், அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்குச் சோற்றோடு ஊட்டுவதும் தவறு. அந்தப் பயத்துக்குள் தோலின் நிறம் ஒளிந்திருக்கிறது என்பதை நாம் ஒருவருக்கொருவர் ஒப்புக்கொள்வதும் இல்லை. அந்தக் குழுவிலிருந்து அன்றைக்கே விலகினேன். சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டத்துக்குப் போனோம். கேட் 41 புள்ளி எடுத்தான். அப்படியும் 118-112 என்று தோல்வி. தொடர்ந்து இருபத்தேழாவது, ஒரே பருவத்தில் இத்தனை தொடர் தோல்வி என்.பி.ஏ. என்ற கூடைப்பந்து லீக்கில் அதுவரை எந்த அணிக்கும் இல்லை. "அணியை விற்றுவிடு" என்று அரங்கமே முழங்கியது. என் மகள் கத்தவில்லை. கேட் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போகிறவரை நின்று கை தட்டினாள். கார் நிறுத்திய இடம் வரை பேசவே இல்லை. பாஸ்டனில் இருபத்தெட்டாவதும் போனது. டிசம்பர் 30 அன்று டொரான்டோவை 129-127 என்று வென்றபோது வீட்டில் சோபாவில் ஏறி நின்று குதித்தாள். 14 வெற்றி, 68 தோல்வி என்று முடிந்த வருடம் அது. அடுத்த வருடம் அதே கேட், புதிய பயிற்சியாளர் பிக்கர்ஸ்டாஃப், 44 வெற்றி. பருவத்தின் கடைசியில் வரும் பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில், நியூயார்க்கிடம் ஆறாவது ஆட்டத்தில் கடைசி நொடிகளில்தான் வெளியே போனோம். நான்காவது ஆட்டத்தின் கடைசியில் ஹார்டவே மீது நடந்த ஃபவுலைக் கொடுக்காமல் விட்டதை நடுவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஒரு புள்ளியில் போன ஆட்டம்.

அந்த டிசம்பர் முடிந்து இரண்டு வாரத்தில், 2024 ஜனவரி 14, ஞாயிறு இரவு, லயன்ஸ் பிளேஆஃப். எதிரணி ராம்ஸ். அதில் மேத்யூ ஸ்டாஃபோர்ட். கடைசியில் வந்த அணிக்குத்தான் டிராஃப்டில் முதல் வாய்ப்பு; 0-16இன் பலனாக 2009இல் எங்களுக்குக் கிடைத்த முதல் தேர்வு அவர்தான். பன்னிரண்டு வருடம் இங்கே ஆடி ஒரு பிளேஆஃப் வெற்றிகூட இல்லாமல் போய், போன இடத்தில் முதல் வருடமே சூப்பர் பவுல் என்ற இறுதிக் கோப்பையை வென்றார். அவருக்குப் பதிலாக இங்கே வந்தவர் ராம்ஸ் வேண்டாம் என்று தள்ளிய ஜாரெட் காஃப். லயன்ஸ் கடைசியாக ஒரு பிளேஆஃப் ஆட்டத்தை வென்றது 1992 ஜனவரியில்.

பக்கத்து வீட்டு அம்மா இன்னும் சவுத்ஃபீல்டில் அதே வீட்டில்தான் இருக்கிறார். கடுங்குளிரில் நானும் மகளும் கார் ஓட்டிக்கொண்டு போனோம். 24-23 என்று லயன்ஸ் முன்னால் இருந்தது. கடைசிக் கால் பகுதியில் அவரால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். "நீ பார்த்துச் சொல்லு" என்றார். 1957இல் லயன்ஸ் கோப்பை வென்றபோது அவருக்குப் பத்து வயது, அப்பாவோடு வானொலியில் கேட்டவர்.

அந்த நேரம் பார்த்துத் திருச்சியிலிருந்து என் அம்மாவின் வீடியோ அழைப்பு. நமக்கு ஞாயிறு இரவு என்றால் திருச்சியில் விடிந்து திங்கள், பொங்கல். "பால் பொங்குது பாரு, பொங்கலோ பொங்கல் சொல்லு" என்கிறார் அம்மா. பின்னால் அப்பா தட்டை அடிக்கிற சத்தம். "அம்மா, ஒரே நிமிஷம்மா" என்கிறேன். "என்னடி அப்படித் தலை போற காரியம்?" போனைத் திருப்பித் தொலைக்காட்சியைக் காட்டினேன். இன்னும் இரண்டு நிமிட ஆட்டம். இன்னொரு பத்து கஜத்தைக் கடந்துவிட்டால் ராம்ஸுக்குப் பந்தே கிடைக்காது. காஃப் வீசினார், அமோன்-ரா செயின்ட் பிரவுன் பிடித்தார், பதினொரு கஜம். நான் கத்திய கத்தலில் பாத்திரம் கீழே விழுந்தது. மகள் ஓடிப்போய் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அரங்கம் முழுக்க "ஜாரெட் காஃப், ஜாரெட் காஃப்" என்று முழக்கம். திருச்சியில் என் அம்மா, என்ன ஏது என்று தெரியாமலே, பொங்கலோ பொங்கல் என்று கூடச் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என் அம்மாவைத் திரையில் காட்டி, அந்தப் பானை எதற்கு என்று விளக்கினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் மூணு மணிக்கு ஆட்டம். உங்கம்மாவை மறுபடி பால் காய்ச்சச் சொல்லு" என்றார்.

அடுத்த வாரம் டாம்பா பேயையும் வென்றோம். அதற்கடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோ அணியோடு பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்துவிட்டு 34-31 என்று தோற்றோம். பயிற்சியாளர் டான் கேம்ப்பெல் இரண்டு முறை நான்காவது முயற்சியில் மூன்று புள்ளி தரும் ஃபீல்டு கோலை உதைக்காமல் பந்தை ஆடினாரே, அதுதான் காரணம் என்று இந்தப் பதிலின் கீழேயும் யாராவது வந்து சொல்வார்கள். சொல்லுங்கள், என் கருத்து மாறாது. வருடம் முழுக்க அப்படித் துணிந்து ஆடித்தான் அந்த அணி அங்கே வந்து நின்றது. முதல் முறை பந்து ரெனால்ட்ஸின் கைக்கே வந்தது, நழுவிவிட்டது. நழுவாமல் இருந்திருந்தால் அதே ஆட்கள் கேம்ப்பெல்லைத் தலையில் தூக்கி வைத்திருப்பார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் பிஸ்டன்ஸுக்குப் போங்கள். ஒரு பருவத்தில் சொந்த அரங்கில் மட்டும் 41 ஆட்டம் என்பதால், வார நாளில் பார்த்தால் நல்ல இருக்கையே கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். லயன்ஸுக்கு அரங்கில் எட்டு ஒன்பது ஆட்டம்தான், ஜெயிக்க ஆரம்பித்த பிறகு டிக்கெட் விலையும் ஏறிவிட்டது. அதை வீட்டிலேயே பாருங்கள். லிட்டில் சீசர்ஸ் அரங்கம் உட்வர்டு அவென்யூவிலேயே இருக்கிறது, வாசலில் டிராம் நிற்கும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், கேம்பஸ் மார்ஷியஸ் வரை போய்விட்டு வாருங்கள், குளிர்காலத்தில் அங்கே பனிச்சறுக்குத் தளம் இருக்கும். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.