நீர்க்கரடியைப் பார்க்கும் பெண்ணுக்கு எதற்கு மருத்துவ சீட்?

அம்மா, உங்கள் கடிதத்தில் கவலை நிறைய இருக்கிறது. அதில் பாதி உங்களுடையது இல்லை, சொந்தக்காரர்கள் கொடுத்தது. மகளுக்கு இரண்டாவது முறையும் மருத்துவத்துக்கான மதிப்பெண் வரவில்லை. பணம் கட்டினால் ஒரு இடம் கிடைக்கும், வீட்டை அடமானம் வைத்தால் சமாளிக்கலாம் என்கிறார் உங்கள் அண்ணன். நாத்தனார் மகன் டாக்டருக்குப் படிப்பதை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் நினைவுபடுத்துகிறார்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பட்டம் வாங்கிய மறுநாளே ஒரு டாக்டர் பெரிய சம்பளம் வாங்குவதில்லை. பயிற்சி, மேற்படிப்பு, அதற்கும் ஒரு போட்டித் தேர்வு என்று வருடங்கள் போகும். வட்டி மட்டும் முதல் மாதமே ஓடத் தொடங்கிவிடும். நடுவில் ஒரு பாடத்தில் தவறினாலும், குடியிருக்கும் வீடு தன்னால் போகிறதே என்ற பாரத்தோடுதான் அந்தப் பெண் அடுத்த தேர்வை எழுதுவாள். உங்கள் அண்ணன் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப் போவது அவரில்லை, அந்த வகுப்பில் உட்காரப் போவதும் அவரில்லை.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். சுவரில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தண்ணீரில் ஊறவைத்து, மணிக்கணக்கில் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறாள், நீர்க்கரடி என்று ஏதோ எட்டுக்கால் சிற்றுயிரைப் படம் வரைந்து வைத்திருக்கிறாள், வெட்டி வேலை என்று. எனக்கு அந்தக் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். பொறியியல், நர்சிங், பார்மசி பற்றிச் சொல்ல உங்களைச் சுற்றி ஆள் இருக்கிறார்கள். நான் இந்த வெட்டி வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தும் தெரியாத சிற்றுயிர்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. நீர்க்கரடி, ரோட்டிஃபர் என்னும் நீர்வாழ் நுண்விலங்கு, உருளைப்புழு, சிலந்திப்பேன் போன்றவை. இவற்றுக்கு முதுகெலும்பு கிடையாது, பெரும்பாலானவை புதைபடிவமாகவும் கிடைப்பதில்லை. உருவத்தை வைத்து யாருக்கு யார் உறவு என்று சொல்வதும் கடினம், அரை மில்லிமீட்டர் உடலில் ஒப்பிட எத்தனை உறுப்பு இருக்கும்? அதனால் அவற்றின் டிஎன்ஏவின் எழுத்து வரிசையைப் படித்து, எந்த இடத்தில் எழுத்துகள் மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டு, பரிணாம மரத்தை வரைகிறார்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்லும் துறை இது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பூச்சிக்கும் மண்புழுவுக்கும் உடல் கண்டம் கண்டமாக இருப்பதால் இரண்டும் நெருங்கிய உறவு என்றுதான் நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1997-இல், எல்லா விலங்குகளிலும் இருக்கும் 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவை ஒப்பிட்ட ஒரு குழு அதைக் கலைத்துப் போட்டது. பூச்சி, சிலந்தி, நண்டு, நீர்க்கரடி, உருளைப்புழு எல்லாம் மேல்தோலைக் கழற்றிவிட்டு வளரும் ஒரே பெருங்கூட்டம். மண்புழு நத்தையின் பக்கம் போய்விட்டது. இதில் எந்த உருளைப்புழுவை எடுத்தார்கள் என்பதுதான் சாமர்த்தியம். சில புழுக்களில் அந்த மரபணு மிக வேகமாக மாறியிருக்கிறது. அப்படி வேகமாக மாறிய உயிர்கள், உறவே இல்லாவிட்டாலும், மரம் வரையும் கணக்கில் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பக்கத்துக் கிளைகளில் வந்து நிற்கும். அமெரிக்கப் பரிணாம உயிரியலாளர் ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1978-லேயே இந்தப் பொறியைக் காட்டியிருந்தார். இந்தக் குழு மெதுவாக மாறிய டிரைக்கினெல்லா என்ற புழுவைத் தேர்ந்தெடுத்தது. புழு சரியான கிளைக்கு வந்து சேர்ந்தது.

வேலை எப்படியிருக்கும் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு நீர்க்கரடியை மெல்லிய பிப்பெட்டால் பிடித்து, முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுக்க வேண்டும், ஏனென்றால் டிஎன்ஏ எடுக்கும்போது உயிரே கரைந்துபோகலாம். பக்குவமாகச் செய்தால் வெறும் மேல்தோல் மட்டும் மிஞ்சும், அதை ஸ்லைடில் ஏற்றிச் சான்றாக வைக்கலாம். கிடைத்த துளி டிஎன்ஏவைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, வரிசையைப் படித்து, மற்ற உயிர்களின் வரிசைகளோடு பொருத்திக் கணினியில் மரம் வரைவார்கள். அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையையும் எவ்வளவு நம்பலாம் என்று சோதிப்பதில்தான் புள்ளியியல் வருகிறது.

சந்தேகப்படும் குணமும் வேண்டும். 2015-இல் ஒரு நீர்க்கரடியின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்கு பாக்டீரியா போன்ற வேற்றுயிர்களிலிருந்து வந்தவை என்று ஒரு குழு அறிவித்தது. அதே இனத்தைத் தனியாகப் படித்திருந்த இன்னொரு குழு, அவற்றில் பெரும்பகுதி மாதிரியில் கலந்துவிட்ட பாக்டீரியாவின் டிஎன்ஏ என்று காட்டியது. இவ்வளவு சிறிய உயிரில் அதன் டிஎன்ஏ எது, அது தின்றதன் டிஎன்ஏ எது, அதன்மேல் ஒட்டியதன் டிஎன்ஏ எது என்று பிரிப்பதே பாதி வேலை.

சோறு போடுமா என்பதுதான் உங்கள் கேள்வி. நிரந்தர ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு, போட்டி கடுமை. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இந்தக் கைத்திறன் ஒரே வாசலில் காத்திருப்பதில்லை. மீன்குஞ்சுகளுக்கு உணவாக வளர்க்கும் ஒரு ரோட்டிஃபர், ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் உள்ளே சுமார் 15 இனங்கள் என்று மரபணு காட்டியிருக்கிறது. அவற்றின் உடல் அளவு வேறு வேறு, எது எந்தக் குஞ்சின் வாய்க்குள் போகும் என்பது பண்ணைக்காரருக்குப் பணம். பயிரை அழிக்கும் வெள்ளை ஈயும் அப்படித்தான், பார்க்க ஒன்று, உண்மையில் பல. மலேரியா பரப்பும் கொசுக்களில் கண்ணால் பிரிக்கவே முடியாத இனங்கள் உண்டு. ஒன்று மனிதரைத் தேடி வரும், மற்றொன்று மாட்டை நாடும். பயிர்ப் பாதுகாப்பு, நோய்த்தடுப்பு, நீரின் தரத்தைக் கண்காணிப்பது, மருந்து ஆய்வு எல்லாவற்றுக்கும் மரபணு வரிசையைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். கொரோனா வைரஸின் புதுத் திரிபுகளைப் பின்தொடர்ந்ததும் இதே மரம் வரையும் முறைதான்.

விலங்கியலோ உயிர்த்தொழில்நுட்பமோ, எதில் சேர்ந்தாலும் சரி. ஆனால் முதல் வருடத்திலிருந்தே புள்ளியியலும் பைத்தான் அல்லது ஆர் நிரல்மொழியும் கற்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மைக்ரோஸ்கோப்பில் உட்காரும் நேரத்தைவிடக் கணினித் திரையின் முன் உட்காரும் நேரம்தான் அதிகம். அது அவளுக்குப் பிடிக்குமா என்று நீங்களும் நானும் ஊகிக்க வேண்டாம். ஜென்பேங்க் தரவுத்தளத்தில் நீர்க்கரடி, சிலந்திப்பேன், உருளைப்புழு, மண்புழு, நத்தை ஆகியவற்றின் 18எஸ் வரிசைகள் இலவசமாகக் கிடைக்கும். மாஃப்ட் மென்பொருளில் வரிசைகளைப் பொருத்தி, ஐக்யூ-ட்ரீயில் மரம் வரையட்டும். இரண்டுக்கும் காசு இல்லை. மண்புழு எங்கே வந்து நிற்கிறது, ஒரு உயிரை நீக்கினால் மரம் எப்படி மாறுகிறது என்று அவளாகவே தோண்டத் தொடங்கினால் சேருங்கள். சலித்துப்போய் மூடிவைத்தால் இந்தத் துறையும் வேண்டாம், நான் சொன்னேன் என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள். அப்போது வேறு வழி பேசுவோம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மாணவர்கள் தங்கள் கையாலேயே டிஎன்ஏ எடுக்கிறார்களா, அல்லது ஆசிரியர் செய்வதை வேடிக்கை பார்க்கிறார்களா என்று மூன்றாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரியில் நல்ல ஆசிரியர் ஒருவர் இருந்தால் அதுவே போதும். முனைவர் ஆய்வுக்கு வரும்போது, மாத உதவித்தொகை தரும் இடத்தில் மட்டும் சேரட்டும். ஆய்வு செய்ய நீங்கள் கைக்காசு கட்ட வேண்டும் என்று யார் கேட்டாலும், அந்த இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், திரும்பி வந்துவிடுங்கள்.