மகன் கோச் ஆக வேண்டும் என்கிறான், விடலாமா?

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பி.காம் இரண்டாம் ஆண்டு. கல்லூரி கூடைப்பந்து அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை முன்னே கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். உயரம் 5 அடி 7 அங்குலம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயோ பேங்க்கோ கிடைக்கும் என்று நீங்கள் காத்திருக்க, அவர் கோச் ஆகப் போகிறேன் என்கிறார். "இந்தியாவுக்கு ஆடாதவனை யார் கோச்சாக வைப்பார்கள்?" என்று உங்கள் கணவர் கேட்கிறார்.

அவருடைய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிராட் ஸ்டீவன்ஸ் என்று ஒருவர், தம்பிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டீபா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். அங்கே கூடைப்பந்தும் ஆடினார், ஆனால் அது மூன்றாம் டிவிஷன். விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே தராத மட்டம். 1999-ல் பட்டம் வாங்கிக்கொண்டு எலை லில்லி மருந்து கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலைக்குச் சேர்ந்தார். நம் ஊர்க் கணக்கில் செட்டில் ஆகிவிட்டார். மறு வருடமே அதை விட்டுவிட்டு, பட்லர் பல்கலைக்கழக அணியின் அலுவலகத்தில் சம்பளம் இல்லாமல் வேலை செய்யப் போனார். அவருடைய வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

2001-ல் உதவிப் பயிற்சியாளர். 2007-ல், 30 வயதில், தலைமைப் பயிற்சியாளர். 2010, 2011 இரண்டு ஆண்டும் அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தை தேசிய கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். இரண்டிலும் தோல்விதான். முதல் ஆண்டு டியூக் பல்கலைக்கழகத்திடம் 61-59. கடைசி நொடியில் பட்லர் வீரர் பாதிக் கோர்ட்டிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. 2013-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி அவரை என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீக்குக்கு அழைத்துக்கொண்டது.

எரிக் ஸ்போல்ஸ்ட்ராவும் என்.பி.ஏ.வில் ஆடியவர் இல்லை. 1995-ல் மயாமி ஹீட் அணியின் வீடியோ அறையில் ஆட்டப் பதிவுகளை வெட்டித் தொகுக்கும் வேலையில் நுழைந்தார். தலைமைப் பயிற்சியாளர் ஆக 13 ஆண்டு ஆனது. ஆக, உயரமோ இந்தியா ஜெர்சியோ இல்லாதது தடை இல்லை. இருட்டறையில் அடுத்தவர் ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பொறுமை தம்பிக்கு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பந்தை விரும்புகிற பையன்கள் நிறைய வருகிறார்கள் என்னிடம். கோச் வேலையை விரும்புகிறவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான்.

சரி, உச்சிக்குப் போனால் நிம்மதியா? அதுவும் இல்லை. மைக்கேல் மலோன் என்ற பயிற்சியாளர் 2023-ல் டென்வர் அணிக்கு அதன் முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். 2025 ஏப்ரலில், லீக் ஆட்டங்கள் முடிய மூன்றே ஆட்டம் பாக்கி இருக்கும்போது அவரை நீக்கிவிட்டார்கள். என்.பி.ஏ.வில் இருப்பதே 30 அணிகள், 30 நாற்காலிகள். தம்பி இதையும் தெரிந்துகொண்டுதான் ஆசைப்பட வேண்டும்.

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய், அங்கே கல்லூரி அணியோடு ஒட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதுகலை மாணவர்களை அணிக்கு உதவியாளராக எடுத்து, கல்விக் கட்டணத்தைக் குறைக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் கோச்சுக்குத் தெரிந்த பையன்களுக்குத்தான் போகும். அதை நம்பி வீட்டை அடகு வைக்காதீர்கள்.

நம் ஊரில் பி.டி. மாஸ்டர் வேலையும் கோச் வேலையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆக பி.பி.எட். வேண்டும், டிகிரிக்குப் பிறகு இரண்டு ஆண்டு. பி.காம். முடித்தவரும் சேரலாம், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடிய சான்றிதழ்களைக் கேட்பார்கள், அவற்றை இப்போதே பத்திரப்படுத்துங்கள். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர் ஆக எம்.பி.எட்., அதற்கு மேல் நெட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. கோச் என்பது தனிப் பாதை. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமா, என்.ஐ.எஸ். என்று எல்லோரும் சொல்வது, அதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் அங்கே உண்டு. ஆழம் பார்க்க அது போதும்.

என் யோசனை இது. பி.காமை அரியர் இல்லாமல் முடிக்கட்டும். அப்புறம் பி.பி.எட். சென்னை நந்தனத்தில் 1920-ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இருக்கிறது, மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. பள்ளி வேலை சோறு போடும். அந்தப் பள்ளி அணியே அவருடைய பரிசோதனைக் கூடம். என்.ஐ.எஸ்.ஸுக்கு அங்கிருந்து முயலலாம். ஆரம்பச் சம்பளம் அவருடைய பி.காம். நண்பர்களைவிடக் குறைவாகவே இருக்கும். காலை ஐந்தரைக்குக் கோர்ட்டில் நிற்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. நாளை பெண் பார்க்கப் போகும்போது இது பேச்சில் வரும், இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். பட்டம் வாங்கியதிலிருந்து ஐந்து ஆண்டு என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. தம்பியை அவர் ஆடாத ஏதாவது ஓர் ஆட்டத்துக்கு அனுப்புங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு டைம்-அவுட்டுக்குப் பிறகும் இரண்டு அணியும் என்ன செய்தன, தான் கோச்சாக இருந்தால் யாரை உள்ளே இறக்கியிருப்பேன், ஏன் என்று ஒரு நோட்டில் எழுதட்டும். இப்படிப் பத்து ஆட்டம். மூன்றாவது ஆட்டத்தோடு நோட்டு மூலைக்குப் போய்விட்டால் நாம் ரயில்வே பற்றிப் பேசலாம். பத்தும் எழுதியிருந்தால் நோட்டோடு அவரை அழைத்து வாருங்கள், அப்பாவும் வரட்டும்.